பந்தியில் உட்கார்ந்த காலங்கள்

ஆங்கில இலக்கியத்தை நான் படித்ததில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதிலும் ஆங்கிலத்தில் நான் தேறியது எங்கள் வாத்தியாருக்கே ஆச்சரியம். ஆனாலும் ஆங்கில இலக்கியத்தின் காலங்களை முதலிலிருந்து கடைசிவரை வரிசை பிசகாமல் சொல்லுவேன். கேட்கிறவர்கள் என்னை மேலும் கீழும் பார்ப்பார்கள். அவர்களுக்கு அவை புத்தகத்தில் உள்ள பெயர்கள். எனக்கு ஒவ்வொன்றும் ஒரு சொந்தக்காரர் முகம். அது எப்படி என்று சொல்லுகிறேன், கேளுங்கள்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. குத்துக்கல்வலசையில் எங்கள் வீடு. வாசலில் நின்றால் மலை தெரியும். மலையில் மேகம் இறங்கிச் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. "சீசன் எப்படி இருக்கு?" என்று கேட்பார்கள். அது கேள்வி இல்லை. நாங்கள் வருகிறோம் என்பதை மரியாதையாகச் சொல்லும் முறை. குற்றாலத்துக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவர்கள் அந்த இரண்டு மூன்று மாதமும் கதவைச் சாத்த முடியாது. வருகிறவர்களை வராதே என்று சொன்ன வீடு எங்கள் பக்கத்தில் எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை.

அம்மாவோ அப்போது தபால் வழியில் பி.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் ஆனவள். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு அவளும் படிக்க ஆரம்பித்தாள். மற்றத் தாள்கள் எல்லாம் தேறிவிட்டன. ஆங்கில இலக்கிய வரலாறு என்ற ஒரு தாள் மட்டும் அவளை மறுபடி மறுபடி கீழே தள்ளிக்கொண்டிருந்தது. அவர்கள் கொடுத்த வருடக்கெடுவும் முடியப்போகிறது. இந்தத் தடவை தேறாவிட்டால் படித்ததெல்லாம் வீண், முதலிலிருந்து சேர வேண்டியதுதான். அந்தப் பரீட்சை சரியாகச் சீசன் நடுவில் வந்து விழுந்தது.

அம்மா இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். வந்தவர்களுக்கெல்லாம் தலைக்கு எண்ணெய் கொடுத்து, இட்லியும் மிளகாய்ப்பொடியும் கட்டிக்கொடுத்து அருவிக்கு அனுப்பிவிடுவாள். அவர்கள் பசியோடு திரும்பும்வரை வீடு அவளுடையது. ஆகவே அருவியில் தண்ணீர் நன்றாக விழுந்தால் அம்மாவின் படிப்பும் நன்றாக நடந்தது. தண்ணீர் குறைந்தால் படிப்பும் குறைந்தது. கூடிவிட்டாலும் ஆபத்துதான். வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். அத்தனை பேரும் வீட்டில் உட்கார்ந்து பஜ்ஜி கேட்பார்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் அதுதான் நடந்தது. அப்பா பேருந்து நடத்துநர். முதல் நடை முடித்துக் காப்பி குடிக்க வந்தவர், "மெயினருவியில தண்ணி பாதுகாப்பு ஆர்ச்சத் தாண்டி விழுது. ஐந்தருவியிலயும் தட. ஒருத்தரயும் விடமாட்டாங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த நடைக்குப் போய்விட்டார்.

வீட்டில் அப்போது இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். கீழப்பாவூரிலிருந்து அம்மாவின் அக்காவான பெரியம்மா, பெரியப்பா, அவர்கள் மகளான அக்கா. பெரியப்பாவோடு அவருடைய தம்பி. அவரை நாங்கள் கோயில் சித்தப்பா என்போம். வாசுதேவநல்லூரிலிருந்து அம்மாவின் தம்பியான மாமா, அத்தை, அவர்களுடைய சின்னப் பையன். இவர்கள் யாருக்கும் அம்மாவின் பரீட்சை தெரியாது.

கிரைண்டர் மூடியின்மேல் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அம்மா வெங்காயம் அரிந்துகொண்டிருந்ததை மாமாதான் கண்டுபிடித்தார்.

"யக்கா, என்னத்தப் படிக்க? பரீட்சையா?"

"நாளைக்கி."

"நாளைக்கா! சொல்லவே இல்ல?"

"வந்த ஆளுககிட்ட எப்பிடிலே சொல்ல? வந்தது தப்பாப் போச்சோன்னு நெனப்பீய."

"சரி, எதுல சிக்கல்?"

"எல்லாம் தெரியுது. யாருக்கு அடுத்து யாருங்கிற வரிசதான் நிக்க மாட்டேங்கு."

மாமா பள்ளிக்கூட நாடகத்தில் ராஜா வேஷம் போட்டவர். எதையும் மெதுவாகச் சொல்லத் தெரியாது. "இதுக்கா இவ்வளவு கவல! மொதல்ல யாரு, சொல்லு" என்று கூடத்தின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

முதலில் பழைய காலம் என்றாள் அம்மா. அப்போது பாடினதை இன்றைக்கு ஆங்கிலேயர்கள் படித்தாலே புரியாதாம். மாமா திரும்பிப் பார்த்தார். பெரியப்பா கன்னத்தில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். "அத்தான் பேசுதது யாருக்காவது புரியுதா? அத்தான்தான் பழைய காலம்" என்று முடிவாகிவிட்டது. அடுத்தது நடுக்காலம். கோயிலுக்குப் போகிறவர்கள் வழியில் கதை சொல்லிக்கொண்டு போன காலம். எந்தக் கோயிலுக்குப் போனாலும் பக்கத்து இருக்கைக்காரரின் குடும்பக் கதையோடு திரும்பும் சித்தப்பாவுக்கு அது பொருந்தியது. மூன்றாவது மறுமலர்ச்சிக் காலம். நாடகமும் ஆரவாரமும் நிறைந்தது. மாமா அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நான்காவதில்தான் வந்தது வினை. "அடுத்து பியூரிட்டன் காலம். ரொம்பக் கண்டிப்பானவங்க. கூத்து கேளிக்கையெல்லாம் பாவம்னு நாடகக் கொட்டகைகள மூடிப்போட்டாங்க" என்று அம்மா படித்தாள். அந்த நேரம் பார்த்து, பிள்ளைகளுக்குக் கண் கெட்டுப்போகும் என்று பெரியம்மா தொலைக்காட்சியை அணைத்தாள்.

"பெரியக்கா! ஒன்னய விட்டா யாரப் போட?" என்று மாமா கை தட்டினார். எல்லோரும் சிரித்தோம். பெரியம்மா சிரிக்கவில்லை. விளையாட்டு வேகத்தில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

மூடின கொட்டகைகளை மறுபடி திறந்தது அடுத்த காலம். பெரியம்மா அந்தப் பக்கம் போனதும் அத்தை தொலைக்காட்சியைப் போட்டுவிட்டாள். அவளுக்கு அந்தக் காலம். எதற்கெடுத்தாலும் ஏன், எதுக்கு என்று கேட்கும் பகுத்தறிவுக் காலம் நான். ஜன்னலில் நின்று மலைமேல் இறங்கும் மேகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்த அக்கா ரொமாண்டிக் காலம்.

"கல்யாணமாவாத பிள்ளைக்கு என்னலே பேரு வைக்க?" என்று பெரியம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"அய்யோ அக்கா, அது மல, மேகம், பூவுன்னு பாடுனவங்க" என்று அம்மா பதறினாள்.

புகையும் கூட்டமும் ஏழை சனமும் பெரிய பெரிய நாவல்களாக வந்த காலத்தை, ஊரில் இல்லாத கூட்டத்தையெல்லாம் வண்டியில் ஏற்றிக்கொண்டு அலையும் அப்பாவுக்கு ஒதுக்கினார்கள். எதையும் பாதி சொல்லிவிட்டு ஓடிவிடும் மாமாவின் சின்னப் பையன் நவீன காலம்.

"நீ எந்தக் காலம்க்கா?" என்று மாமா கேட்டார்.

"நான் பரீட்ச எழுதுதவ" என்றாள் அம்மா. வெகுநாளைக்குப் பிறகு அவள் முகம் தெளிந்திருந்தது.

அந்தத் தெளிவு மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. பெரியம்மா உள்ளறையில் பையில் துணியை அடுக்கிக்கொண்டிருந்தாள். சாயங்கால பஸ்ஸுக்கு ஊருக்குப் போகிறாளாம். கொட்டகையை மூடினவள் என்று பேர் வாங்கின வீட்டில் இருக்கமாட்டாளாம். அம்மா புத்தகத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பெரியக்கா, அந்தக் காலத்துலதான் பெரிய பெரிய கவிஞரெல்லாம் இருந்திருக்காங்க" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். பெரியம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மத்தியானம் முழுக்க அம்மா அந்த அறைக்குள்தான் இருந்தாள்.

"அம்மா, நீ படிக்கலியா?" என்று நான் கதவருகில் போய்க் கேட்டேன்.

"இருலே. பரீட்சைய அடுத்த வருசமும் எழுதலாம்" என்றாள். எழுத முடியாது என்பது எனக்கே தெரியும். எதற்காகப் பொய் சொல்லுகிறாள் என்றுதான் தெரியவில்லை.

மழை வலுத்ததால் பெரியம்மா போகவில்லை. போகவில்லையே தவிர யாரோடும் பேசவும் இல்லை. அடுக்களை மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பூண்டு உரித்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு எங்கள் வழக்கப்படி ஆண்கள் பந்தி முதலில். நாங்கள் இலைமுன் உட்கார்ந்தோம். அம்மா சாம்பார் வாளியோடு ஒவ்வொரு இலையாக வந்தாள். வரும்போதே அந்தந்தக் காலத்தையும் அதன் எழுத்தாளர்களையும் வாய்விட்டுச் சொன்னாள். பெரியப்பா இலையில் பழைய காலம். சித்தப்பா இலையில் நடுக்காலம். மாமா இலையில் மறுமலர்ச்சி. அடுத்து என் இலை, பகுத்தறிவுக் காலம். எனக்கு அடுத்து சின்னப் பையன், நவீன காலம்.

"பிரமாதம்!" என்றார் மாமா. நானும் பிரமாதம் என்றுதான் நினைத்தேன்.

அடுக்களையிலிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "ஏட்டி, தம்பிக்கு அடுத்தது நான்லா? நான் எங்கட்டி போனேன்?"

அம்மா வாளியோடு அப்படியே நின்றாள். மறுபடி முதலிலிருந்து வந்தாள். மறுபடியும் மாமாவிலிருந்து என்னிடம் தாவினாள். இரண்டாம் பந்தியில் சாப்பிட வேண்டிய மூன்று பேரின் காலங்களும், இன்னும் வேலையிலிருந்து வராத அப்பாவின் காலமும் அவள் வாயில் வரவே இல்லை. வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கண்ணுல படுததுதான் வாயில வருது. நாளைக்கும் இப்பிடித்தான் விட்டுட்டு வரப்போறேன்" என்றாள்.

பெரியம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் வரிசையை ஒருமுறை பார்த்தாள்.

"தள்ளி உக்காருங்க."

"யாரு?" என்றார் மாமா.

"நீதாம்லே. ஒனக்கு அங்கிட்டு நான் உக்காரணும். ஒம் பொண்டாட்டி எனக்கு அடுத்தாப்ல. எம்மவளயும் கூப்பிடு, இந்தப் பயலுக்கு அங்கிட்டு" என்று என்னைக் காட்டினாள்.

பெரியப்பா என்னவோ சொன்னார். வழக்கம்போல யாருக்கும் புரியவில்லை. அல்லது புரிந்தவர்கள் காட்டிக்கொள்ளவில்லை. இலைகள் நகர்ந்தன. மாமாவுக்குப் பக்கத்தில் பெரியம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அடுத்து அத்தை, நான், அக்கா. வேலை முடிந்து வந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "என்ன பாக்கீய? ஒங்க எடம் காலியா கெடக்கு" என்று பெரியம்மா அவரையும் உட்கார வைத்தாள்.

சாம்பாருக்கு ஒரு தடவை, ரசத்துக்கு ஒரு தடவை, மோருக்கு ஒரு தடவை அம்மா முழு வரிசையும் வந்தாள். ரசத்தின்போது அத்தையின் காலத்து எழுத்தாளர் ஒருவரை என்மேல் சுமத்தினாள். பெரியம்மா புத்தகத்தைப் பார்க்காமலே, "அவர் இவளுக்கு உள்ள ஆளு" என்றாள். காலையிலிருந்து அவள் காது எங்கே இருந்தது என்று அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. மோர் வந்தபோது ஒரு பிழையும் இல்லை. எனக்கு மட்டும் அன்றைக்கு வயிறு கனத்துப்போனது. ஒரு காலமும் காலி இலையோடு இருக்கக்கூடாது என்பது மாமாவின் உத்தரவு.

மறுநாள் தடையை எடுத்துவிட்டார்கள். பெரியம்மா எங்கள் எல்லோரையும் ஓட்டிக்கொண்டு அருவிக்குப் போனாள். அம்மா பரீட்சைக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்தவளிடம் மாமா, "பரீட்சையில யாரெல்லாம்க்கா வந்தாங்க?" என்று கேட்டார்.

"எல்லாரும் வந்துட்டீய" என்றாள் அம்மா.

மாதங்கள் கழித்துத்தான் முடிவு வந்தது. அம்மா தேறியிருந்தாள். பெரியம்மாவுக்குத்தான் முதலில் தொலைபேசியில் சொன்னாள்.

அடுத்த வருடச் சீசனுக்கும் அதே ஆட்கள் வந்தார்கள். முதல் நாள் ராத்திரி ஆண்களுக்கு இலை போட்டார்கள். நான் உட்காராமல் நின்றேன். "இது வரிசை இல்லையே. அத்தையும் அக்காவும் எங்கே?" என்று கேட்டேன்.

பெரியம்மா சிரித்தாள். "பரீட்சதான் முடிஞ்சிட்டுல்லா. இனி எதுக்குலே வரிச?"

அம்மா கரண்டியோடு அடுக்களை வாசலில் நின்றிருந்தாள். "எம்.ஏ.வுக்குப் போட்டிருக்கேன்க்கா" என்றாள்.

பெரியம்மா தங்கச்சியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஆண்கள் பக்கம் திரும்பி, "கேட்டுச்சுல்லா? தள்ளி உக்காருங்க" என்றாள்.

எல்லோரும் நகர்ந்து இடம் விட்டார்கள். அம்மாவைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. ஒரு பெரிய பரீட்சையிலிருந்து இப்போதுதான் தப்பித்தாள். அதற்குள் இன்னொன்றில் போய் மாட்டிக்கொண்டாளே, இதற்குப்போய் ஏன் சிரித்துக்கொண்டு நிற்கிறாள் என்று யோசித்தபடியே, அத்தைக்கும் அக்காவுக்கும் நடுவில் போய் உட்கார்ந்தேன்.