முறைத்துப் பார்க்கிற சார்

எண்பதுகளின் தொடக்கம். போடிநாயக்கனூரில் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். பாடம் நடத்துவது எப்படி என்று மதுரைக்குப் போய் ஒரு பயிற்சி முடித்து வந்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி. வந்ததும் வராததுமாக பிரின்சிபால் கூப்பிட்டு, "கத்துக்கிட்டு வந்ததை மத்தவங்களுக்கும் சொல்லிக்குடும்மா. உங்க துறைத் தலைவர்ல இருந்து ஆரம்பி" என்றார்.

நான் பாவாடை கட்டிய காலத்திலேயே பாடம் நடத்தியவர் எங்கள் துறைத் தலைவர். அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டுமாம்! ஆனால் விஷயம் பெரிது. கேள்வி கேட்டால் பதிலே சொல்வதில்லை என்று கடைசி வருஷப் பிள்ளைகள் அவர்மேல் புகார் கொடுத்திருந்தார்கள். பரீட்சைக்குள் அவர் மாறாவிட்டால் அந்த வகுப்பைப் பிடுங்கிவிடுவதாகப் பிரின்சிபால் சொல்லிவிட்டார். அந்த வகுப்புதான் அவருக்கு உயிர்.

சரியென்று பின் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கணக்கை என்ன அழகாகப் போட்டார் தெரியுமா! ஆனால் ஒரு பெண் எழுந்து, "சார், அந்த வரி எப்படி வந்துச்சு?" என்று கேட்டாள். மனிதர் திரும்பவே இல்லை. போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டே போகிறார். அவள் மறுபடி கேட்டுவிட்டு, முகம் சுண்டிப்போய் உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஸ்டாஃப் ரூமில் பக்குவமாகத்தான் எடுத்துச் சொன்னேன். என் முகத்தையே முறைத்துப் பார்த்தார். "வாங்கத் தெரிஞ்சவன் வாங்கிக்கிறுவான். நீ உன் சோலியைப் பாரும்மா" என்றார். அடுத்த வாரமும் அதே கதை. அதற்கடுத்த வாரமும் அதேதான். பிடித்த முயலுக்கு மூன்றே கால். இப்படி ஒரு திமிரா என்று வீட்டில் போய்ப் புலம்பாத நாள் இல்லை. பிரின்சிபாலோ என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்னம்மா ஆச்சு?" என்று குடைவார்.

அந்தச் சமயத்தில்தான், கூட வேலை பார்த்த ஒருவர் மலைமேல் ஏலத்தோட்டத்தில் வீடு கட்டிக் குடிபோனார். ஜீப் பிடித்து எல்லோரும் போய், சாப்பிட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தோம். போடிமெட்டு தாண்டிக் கொஞ்ச தூரத்தில் டயர் பஞ்சர். டிரைவர் சக்கரத்தை மாற்றுவதற்குள் காலாற நடப்போமே என்று நடந்தோம். எங்கள் துறைத் தலைவர் எல்லோருக்கும் முன்னால், நட்டநடு ரோட்டில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு போகிறார்.

பின்னால் கூலி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு ஜீப் இறங்கி வந்தது. ஹாரன் மலையே அதிரும்படி அலறுகிறது. நாங்கள் ஒதுங்கிவிட்டோம். இவர் ஒதுங்கவில்லை. "சார்! சார்!" என்று கத்துகிறேன், ஊஹூம். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து மலைப்பக்கமாக இழுத்தேன். ஜீப் உரசிக்கொண்டு போய் நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

டிரைவர் தலையை நீட்டி, "யோவ் பெருசு, காது என்ன செவுடா?" என்று கத்திவிட்டுப் போனான்.

ரோட்டில் போகிற யாரையும் எந்த டிரைவரும் திட்டுகிற திட்டுதான் அது. ஆனால் சார் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சுரீரென்றது. அவர் முகத்துக்கு நேரே போய் நின்று, "எப்பருந்து சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மூணு வருசமாச்சும்மா. எதுக்க நின்னு பேசினா வாயைப் பாத்துப் புரிஞ்சுக்கிறுவேன். யார்ட்டயும் சொல்லிறாத. செவிட்டு வாத்தியார்னு பேர் வந்துரும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "அப்ப திமிர் பிடிச்ச வாத்தியார்ங்கிற பேரு மட்டும் நல்லாருக்கா சார்?" என்று கேட்டேவிட்டேன்.

"அது பரவாயில்லம்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

இந்த மனிதரை என்ன செய்ய? டாக்டரிடம் போகலாம் என்றால் மாட்டேன் என்கிறார். காது மிஷின் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். கெஞ்சிக் கூத்தாடி ஒன்றுக்கு மட்டும் சம்மதிக்க வைத்தேன். இனிமேல் சந்தேகம் வருகிற பிள்ளை கையைத் தூக்கி எழுந்து வந்து, எங்கே இடிக்கிறதோ அந்த வரியைப் போர்டில் தானே போட வேண்டும். அவரும் போர்டைவிட்டு விலகிப் பிள்ளைகளைப் பார்த்தபடி நிற்க வேண்டும்.

முதல் நாள் வந்தது அன்றைக்கு முகம் சுண்டிய அதே பெண். அவள் போட்ட வரியைப் பார்த்ததும் சார், "அட, இங்கயா நிக்கிற நீ?" என்று உற்சாகமாகி, அங்கிருந்தே கையைப் பிடித்துக் கூட்டிப்போவது போலச் சொல்லிக்கொடுத்தார். பிறகு போர்டுக்கு வரப் பிள்ளைகளுக்குள் போட்டியே நடந்தது. வகுப்பு அவரிடமே தங்கியது. பிரின்சிபாலுக்கு ஏகக் குஷி, எல்லாத் துறையும் இப்படியே செய்யுங்கள் என்று உத்தரவு போட்டார். இந்த மகாராசனோ, "எல்லாம் என் பழைய முறைதான்" என்று ஸ்டாஃப் ரூமில் அளந்துவிட்டார்! மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் உட்கார்ந்திருந்தேன். ஓய்வுபெறும்வரை மிஷின் மாட்டவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

கேட்டதற்குப் பதில் சொல்லாமல் யாராவது போனால் எனக்கு இன்றைக்கும் சுள்ளென்று கோபம் வரத்தான் செய்கிறது. ஆனால் திட்டுவதற்கு முன்னால், ஒரு தடவை அவர்கள் முகத்துக்கு நேரே போய் நின்று கேட்டுப் பார்த்துவிடுகிறேன்.