ஒற்றைப் பாதையும் என் நேரப் பலகையும்

இரண்டு வருடங்களுக்கு முன், மார்கழி தை மாதங்கள். உத்திரமேரூர் பக்கம் செய்யாற்றின் குறுக்கே பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தோம். சிவில் டிப்ளமோ முடித்த எனக்கு அதுதான் முதல் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான்.

வேலை முடியும் வரை வண்டிகள் போக, ஆற்றுக்குள் குழாய்களைப் பதித்து மண் கொட்டி ஒரு தற்காலிகப் பாதை போட்டிருந்தோம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிதான் போக முடியும். தினமும் சண்டை. தொழிற்சாலை ஆட்களை ஏற்றிப் போகும் கம்பெனி பஸ் டிரைவர்கள் ஒரு பக்கம் கத்துவார்கள், டிராக்டர்காரர்கள் மறுபக்கம். நேரம் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள்.

மார்கழியில் ஒரு வாரம் முழுக்க நின்று வண்டிகளை எண்ணினேன். கம்பெனி பஸ்ஸும் பள்ளி வேனும் காலை ஏழிலிருந்து பத்து, மாலை மூன்றிலிருந்து ஆறு. பாதையை முழுதாக அடைத்துக்கொண்டு ஊர்ந்து போகும் பெரிய மெஷின்களுக்கு விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு, பிறகு இரவு எட்டுக்கு மேல். மீதி நேரம் டிராக்டருக்கும் மற்ற சின்ன வண்டிகளுக்கும். பெரிய பலகையில் எழுதி இரண்டு கரையிலும் வைத்தோம். மறுநாளே சண்டை நின்றது. எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா சைக்கிளில் வந்து, பலகைக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

தை பிறந்து அறுவடை ஆரம்பித்தது. ஒரு நாள் மதியத்திலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மூன்று இருபதுக்கு நெல் அறுக்கும் டயர் மெஷின் ஒன்று எங்கள் கரையில் வந்து நின்றது. அதன் முன்னால் நாற்பது வயது இருக்கும் ஓர் அக்கா, வேக வேகமாக நடந்து வந்தார். அவர் குத்தகைக்குப் பயிரிட்ட ஒரு ஏக்கர் நிலம் அக்கரையில். கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. இன்னொருவர் வயலை முடித்துவிட்டு மெஷின் இப்போதுதான் கிடைத்தது. மழைக்கு முன் அறுக்காவிட்டால் பயிர் படுத்து, நெல் சேற்றிலேயே முளைத்துவிடும்.

நான் பலகையைக் காட்டினேன். இப்போது பஸ் நேரம், மெஷினை எட்டு மணிக்குத்தான் விட முடியும் என்றேன்.

"எட்டு மணிக்கு இன்னா அறுக்கிறது மேடம், தண்ணியவா?"

"அப்படின்னா காலையில அஞ்சு மணிக்கே போயிருக்கலாமே" என்றேன்.

மெஷின் டிரைவர் மேலே இருந்தபடி சிரித்தார். "அஞ்சு மணிக்கு நெல்லு பனியில நனைஞ்சிகினு கீதும்மா. பத்து மணிக்கு மேலதான் மெஷினே எறங்கும்."

எனக்கு முகம் சுண்டிவிட்டது. என் அம்மா அறுவடைக் கூலிக்குப் போனவள். பனி காயட்டும் என்று காத்திருந்து அவள் கிளம்புவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். பட்டியல் போடும்போது அது நினைவுக்கே வரவில்லை.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. ஒருவரை விட்டால் எல்லோரும் கேட்பார்கள் என்றேன். அந்த அக்கா பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"எல்லாத்துக்கும் டைம் போட்டு வெச்சிகிற. மழைக்கு எத்தினி மணி எழுதிகிற?"

அந்த நேரம் அக்கரையிலிருந்து வந்த கம்பெனி பஸ் ஒன்று எங்களைத் தாண்டி நின்றது. நீலச் சீருடையில் ஒரு பெண் இறங்கி ஓடி வந்தாள்.

"இன்னாம்மா, இன்னும் இங்கியே நின்னுகினு கீற?"

அக்காவின் மகள். என் பலகையால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வீடு திரும்புகிறவள். விஷயம் தெரிந்ததும் என்னிடம் திரும்பினாள்.

"நான் டைமுக்கு வூட்டுக்குப் போய் இன்னாக்கா பண்றது? எங்க நெல்லு அந்தாண்ட கீதே!"

சொன்ன கையோடு, அடுத்த பஸ்ஸில் வந்துகொண்டிருந்த தோழிக்குப் போன் போட்டாள். "ஏய், டிரைவர் அண்ணன அந்தக் கரையிலியே நிறுத்தச் சொல்லு. எங்கம்மா மெஷினு வருது." இரண்டே நிமிடத்தில் அக்கரையில் பஸ் ஓரங்கட்டி நின்றது. நான் எங்கள் கரையில் கொடி காட்டும் ஆளிடம் சிவப்புக் கொடியைத் தூக்கச் சொன்னேன். இரண்டு பக்கமும் ஒரு சாண் இடம்தான். டயர் விளிம்பைப் பார்த்துச் சைகை காட்டியபடி, மெஷினுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து அக்கரை சேர்ந்தேன். பன்னிரண்டு நிமிடம் ஆனது. காத்திருந்த பஸ்ஸிலிருந்து ஒருவர்கூடக் கத்தவில்லை. ஜன்னல் வழியே சில பெண்கள் கையாட்டினார்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டிலும் வயல் இருந்திருக்கும்.

ஏழு மணிக்கு மழை கொட்டியது. மறுநாள் காலை பஸ் என்னைத் தாண்டும்போது அந்தப் பெண் ஜன்னலில் தலை நீட்டி, "எல்லாம் மூட்டை கட்டியாச்சுக்கா!" என்று கத்திவிட்டுப் போனாள்.

அன்றே நாலு வயல்களுக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்து பலகையை மாற்றி எழுதினேன். பத்திலிருந்து ஆறு வரை, மணிக்கு ஒருமுறை கால் மணி நேரம் மெஷினுக்கு. பஸ்காரர்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் நின்றார்கள்.

இப்போது புதுப் பாலத்தில் இரண்டு பக்கமும் வண்டிகள் தாராளமாகப் போகின்றன. அந்தப் பழைய பலகையை வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். வண்டிகளை மட்டும் எண்ணிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்துவிடாமல், வண்டிக்குக் காத்திருப்பவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் இன்றும் எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போடுகிறேன்.