மூன்று முறை அலசிய எலுமிச்சைத் தோல்

அம்சவல்லிக்குச் சுத்தம் ஒரு வியாதி. வல்லக்கோட்டையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து இறங்கியதும், முந்தின நாள் கழுவிக் கவிழ்த்த குடுவைகளையே இன்னொரு முறை கழுவுவாள். தண்டலத்துக்குப் பக்கத்தில், முலாம் பூசும் தொழிற்சாலை ஒன்றின் பின்பக்கம் இருந்தது எங்கள் ஆய்வுக்கூடம். நான் அங்கே ஸ்டோர் கீப்பர். சோப்பு தீர்ந்துவிட்டது என்று அவள் என் மேஜைக்கு வராத வாரம் கிடையாது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

எண்பத்து நான்கில் நடந்தது இது. கழிவுநீரில் போகும் தாமிரத்தை எலுமிச்சைத் தோலால் பிடித்துவிடலாம் என்று டாக்டர் செல்வநாதன் ஒரு வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஜூஸ் கடையில் வீசியெறியும் அதே தோல்தான். அதைக் காயவைத்து அரைத்து, காரத்திலும் பிறகு ஆசிடிலும் ஊறவைத்து அலச வேண்டும். அந்தப் பக்குவமெல்லாம் அம்சவல்லியின் கையில். பி.யூ.சி. படித்தவள், ஆறு வருடமாகத் தற்காலிக வேலை. அவளை நிரந்தரமாக்கும் உத்தரவு டாக்டரின் கையெழுத்துக்காக மேஜையில் கிடந்தது.

தாமிரக் கரைசலில் போட்டதும் தூள் நீலமானது. "புடிச்சிக்கிச்சு அண்ணே!" என்று ஸ்டோர் வரைக்கும் ஓடி வந்தாள். டாக்டருக்கு நிறம் போதவில்லை. நீலத்தில் முக்கினால் எதுவும்தான் நீலமாகும். தாமிரம் தோலோடு நிஜமாகவே சேர்ந்ததா என்று அகச்சிவப்புக் கருவி சொல்ல வேண்டும். கண்ணுக்குத் தெரியாத கதிரைத் தூளுக்குள் அனுப்பினால், தூளில் இருக்கும் ஒவ்வொரு பிணைப்பும் தனக்கு வேண்டியதை விழுங்கிக்கொள்ளும். விழுங்கிய இடத்தில் காகிதத்தின் மேல் பேனா பள்ளம் போடும். வெறும் தூளில் தாமிரம் பிடிக்கும் இடம் காலியாக இருப்பதால் 1730 என்ற எண்ணில் பள்ளம் விழ வேண்டும். தாமிரம் பிடித்த தூளில் அது மறைந்து 1600 பக்கம் போக வேண்டும்.

இரண்டையும் கருவியில் ஓட்டினார்கள். இரண்டு காகிதமும் அச்சு அசல் ஒன்றாக இருந்தன. வெறும் தூளிலும் 1730ஐக் காணோம்.

"தாமிரம் போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான்னா, இதுல அது பிடிக்கிற இடமே இல்லை. நாளைக்கு மேலிடத்துக்கு எழுதி இந்த ஆராய்ச்சியை மூடிடுவோம்," என்றார் டாக்டர். பிறகு அவளைப் பார்த்து, "உங்க ஆர்டருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா. ஆறு வருஷத்துல உங்க பேர்ல ஒரு தப்பு கிடையாது. சாயங்காலம் கையெழுத்துப் போடறேன்," என்றார்.

அவருக்கு டீ போடக் கெட்டிலை எடுத்தேன். உள்ளே அடியில் வெள்ளைப் பொருக்கு. கரண்டியால் சுரண்டினேன்.

"அது இன்னாண்ணே?" என்றாள் அம்சவல்லி.

"சுண்ணாம்பு. நம்ம கெணத்துத் தண்ணியில கீறதுதான், புதுசா கேக்கறே?"

அவள் கெட்டிலைப் பிடுங்கி உள்ளே பார்த்தாள். "அண்ணே, தூளைக் கடைசியா அதுலதான் அலசினேன்!"

தூளை அலசிய அன்றைக்குக் கரண்ட் இல்லாததால் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்திருக்கிறது. அதற்குள் அலச வேண்டியதை அலசியும் ஆகிவிட்டது. ஆனாலும் ஆசிட் வாசனை அடிக்கிற மாதிரி இருந்ததாம். மகாராணி, அரிசி களைவதுபோல் அதைக் கிணற்றுத் தண்ணீரில் மூன்று முறை களைந்திருக்கிறாள். பஸ்ஸில் துண்டு போடுவதுபோல் சுண்ணாம்பு முன்கூட்டியே இடம் பிடித்துவிட்டது. வெறும் தூள் என்று நாங்கள் ஓட்டியது வெறும் தூளே அல்ல!

"சாயங்காலம் வரைக்கும் வாயை மூடிக்கினு இரு. கையெழுத்து ஆவட்டும்," என்றேன்.

"அப்பால சொன்னா, தப்பே இல்லைன்னு அவரை நம்ப வச்சு கையெழுத்து வாங்கினவ ஆயிடுவேண்ணே."

போய்ச் சொல்லிவிட்டாள். "கிணத்துத் தண்ணியிலயா!" என்ற சத்தம் ஸ்டோர் வரை கேட்டது. உத்தரவை டிராயரில் போட்டு மூடினார் டாக்டர். எனக்கு அவள்மேல் அப்படியொரு கோபம்.

மறுநாள் அதே தூளை, சுண்ணாம்பு கழன்று போக மறுபடி ஆசிடில் ஊறவைத்து, வடித்த நீரில் மட்டும் அலசி உலர்த்தினாள். அடுத்த நாள் காலை அதை உப்போடு அரைத்து வில்லையாக அழுத்திக் கருவியில் வைத்தாள். வேலை இல்லாவிட்டாலும் நானும் போய் நின்றேன். பேனா நகர்ந்தது. இரண்டாயிரம், ஆயிரத்தெண்ணூறு... 1730இல் பேனா தடாலென்று கீழே இறங்கியது!

"வுழுந்துச்சு! வுழுந்துச்சு!" என்று கத்தியது நான்தான். அதே தூளைத் தாமிரத்தில் போட்டெடுத்து, உலர்த்தி, மத்தியானம் ஓட்டினார்கள். 1730 பள்ளம் போன இடம் தெரியவில்லை. 1600 பக்கம் புதிதாக ஒன்று விழுந்தது. டாக்டர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சம்பந்தமே இல்லாத எனக்கு ஒரே பெருமை.

அம்சவல்லி மட்டும் ஒதுங்கி நின்றாள். "இனிமே அப்படி அலச மாட்டேன் சார்."

"அலசுங்க. எதுல அலசினீங்கன்னு எழுதி வைங்க, போதும்." டாக்டர் டிராயரைத் திறந்து உத்தரவை எடுத்தார். அதில் தட்டச்சு செய்திருந்த 'பிழை ஏதும் செய்யாதவர்' என்ற வரியைப் பேனாவால் அடித்தார். மேலே, 'செய்த பிழையைத் தானே வந்து சொன்னவர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக என் மேஜைக்கு வந்தாள்.

"அண்ணே, சோப்பு தீந்துடுச்சு."

ஒன்றுக்கு இரண்டாக எடுத்துக் கொடுத்தேன்.