வட்டையின் வெப்பத்தை அளந்த விதானையார்

கந்தப்போடி விதானையாரைப் பற்றி எழுத அவருடைய உறவினருக்கும் ஊரவருக்கும் உள்ள உரிமை எனக்கில்லை. இரங்கற் கூட்டத்தில் எழுந்து பேசத் துணிவில்லாததால் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற சனிக்கிழமை வாவியின் அக்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைக்குப் போகத் துறையில் நின்றேன். தோணிக்காரர் கோலை ஊன்றாமல் என்னையே பார்த்தார். "ரீச்சர், ஒங்கட விதானையார் முந்தநாள் மோசம் போயிற்றார்" என்றார்.

தம் வட்டையாகிய வயல்வெளி முழுவதற்கும் நீர் பங்கிட்ட விதானை அவர். மூன்று ஆண்டுகளுக்கு முன், பகலின் உச்ச வெப்பத்தையும் இரவின் குறைந்த வெப்பத்தையும் காட்டும் வெப்பமானிகள் இரண்டு எங்கள் பள்ளிக்கு வந்தன. ஒன்றை வாவிக்கரையிலுள்ள பள்ளியில் வைத்தேன். மற்றதற்கு வட்டையில் இடம் கேட்டேன். அவர் தம் வயற்காவல் குடிலான வாடியிலேயே மாட்டி, நாள்தோறும் பார்த்து எழுதவும் ஒப்புக்கொண்டார். வெள்ளாமைக்காரர்கள் அவரைக் கேலி செய்யாமல் விடவில்லை.

"என்ன விதானையார், வட்டைக்குக் காய்ச்சலோ?"

"ஓம்டா. வட்டைக்குக் காய்ச்சல், ஒனக்கு வாய்க்கொழுப்பு. வட்டைக்கெண்டாலும் மருந்திரிக்கி."

இரண்டு ஆண்டுகளில், பகலிரவு வெப்ப வேறுபாடு வாவிக்கரையில் மாறவில்லை, வட்டையில் குறைந்திருந்தது. அங்கே இரவுகள் சூடேறுகின்றன, காடு வெட்டியதே காரணம் என்று கட்டுரை எழுதினேன். ஆசிரியர் சங்கத்தில் அதை வாசிப்பதற்கு முதல்நாள் அவர் தோணியேறி வந்தார்.

"புள்ள, பிழை என்னில. யானைக்குப் பயந்து வாடிக்குக் கீழ ராவெல்லாம் தீ மூட்டச் சொன்னவன் நான்தான். அந்தச் சூட்டையும் சேத்தெல்லோ எழுதியிருக்கன்."

எனக்கு அழுகை வந்தது. "ஆருக்கும் தெரியாதே" என்றேன். இன்றும் அதற்கு வெட்கப்படுகிறேன்.

"பதரோட நெல்லளந்தா, அளந்தவனுக்குத் தெரியுமே, புள்ள."

தீ மூட்டிய மாதங்களின் குறிப்புகளை நீக்கினோம். கட்டுரையை நான் வாசிக்கவில்லை. அவர் வெளியில் தனியே ஒரு கம்பம் நட்டு, மேலே சிறு கிடுகுக் கூரையிட்டு, வெப்பமானியை அங்கு மாற்றினார்.

எஞ்சிய குறிப்புகளில் வேறொன்று தெரிந்தது. வயலில் நீர் நிற்கும் மாதங்களில் வேறுபாடு சுருங்குகிறது. அறுவடைக்குப் பின் நிலம் காய, விரிகிறது. ஆனால் நீர் நிற்பது மாரியில். அப்போது மேகமும் இருக்கும். எது காரணம்? வழி கண்டவர் அவர்தான். "மழை பிந்தி, குளத்துத் தண்ணி மட்டும் பாயிற வருஷம் ஒண்டு வரட்டும். தண்ணி நிக்கும், மேகம் இரிக்காது. அப்ப பாப்பம்."

அந்த ஆண்டு வருமுன் அவர் போய்விட்டார். தம் பிழையைச் சொல்வதற்காகவே வாவி கடந்து வந்த அந்த ஒரு நாளை நான் எனக்கென்று வைத்துக்கொள்கிறேன்.

கேட்கக் கூசியதை இப்போது கேட்கிறேன். அடுத்து விதானையாக வருபவரே, அந்தக் கம்பத்தை இடம் மாற்றாதீர்கள். காலையில் யாராவது ஒருவர் பார்த்து எழுதுங்கள். தவறிய நாளை வெறுமையாகவே விடுங்கள். ஊகித்து மட்டும் நிரப்பிவிடாதீர்கள்.