காருக்கு அரைப் பேர்

இலங்கையில், ஹல்துமுல்லைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் கிளாக்கராக இருந்தபோது எங்கள் துரை கார் வாங்கினார். கார் அவருடைய சொந்தம். தோட்ட வேலைக்கு ஓடும் மைலுக்கு மட்டும் கம்பெனி பெட்ரோல் காசு கொடுக்கும். பந்து விளையாடக் கிளப்புக்குப் போனால் அது அவர் செலவு.

டிரைவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காலையில் ஆட்கள் கூடி நிற்கும் பெரட்டில், முழு நாளுக்கு முழுப் பேர், பாதி நாளுக்கு அரைப் பேர் என்று அவர்களுக்கு நாள்கூலிப் பேர் போடும்போது அவரும் வரிசையில் நின்று, முதல் நாள் கார் ஓடியதைச் சொல்வார். முழுக்கத் தோட்ட வேலை என்றால் முழுப் பேர். பாதி வேலை, பாதி கிளப் என்றால், "காருக்கு அரைப் பேருங்க." கிளப்புக்கு மட்டும் போயிருந்தால், "நேத்து காரு வேலைக்கு வரலீங்க." பெரட்டே சிரிக்கும். அவர் சிரிக்கமாட்டார்.

துரை என்னைக் கூப்பிட்டு, தினமும் முழுப் பேர் எழுதச் சொன்னார். எழுதினேன். "நமக்கெதுக்கு வம்பு அண்ணே, ஊரோட ஒத்துப் போங்க" என்று டிரைவரிடமும் சொல்லிப் பார்த்தேன்.

"நீங்க எழுதுறத எழுதுங்க ஐயா. நான் ஓட்டுனதத்தான் சொல்லுவேன்."

பெரிய யோக்கியர் என்று பல்லைக் கடித்தேன்.

ஒரு மத்தியானம் என் மனைவிக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, பதுளை ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும் என்று மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். துரை ஊரில் இல்லை. ஓடிப்போய் டிரைவரிடம் சொன்னேன். "ஏத்துங்க ஐயா" என்றார், அவ்வளவுதான். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அந்த ஓட்டத்தையும் தோட்ட வேலை என்றே எழுதி வைத்தேன்.

அடுத்த மாதம் கணக்குப் பார்க்கக் கொழும்பிலிருந்து வந்த பெரிய துரை, பெரட்டிலேயே புத்தகத்தை விரித்து டிரைவரை விசாரித்தார். இவர் ஒவ்வொரு நாளாகச் சொல்லச் சொல்ல எங்கள் துரையின் முகம் சிவந்தது. பதுளை ஓட்டம் வந்தது. யார் வேலையாகப் போனாய் என்று பெரிய துரை கேட்டார். என் பெயரைச் சொன்னால் என் வேலை போய்விடும்.

"அது என் சொந்த ஓட்டங்க. என் சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

எங்கள் துரை கம்பெனிக் காசைத் திருப்பிக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில், கேட்காமல் காரை எடுத்தான் என்று சொல்லி, டிரைவரை வேலையை விட்டு அனுப்பப் பற்றுச்சீட்டு எழுதச் சொன்னார். எழுதியது நான். எனக்காகத்தான் எடுத்தார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எத்தனையோ துரைமாரைப் பார்த்துவிட்டேன். அவரைப் போல ஒரு பெரிய மனிதரைப் பார்த்ததில்லை.

சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "பிள்ளை நல்லாப் பால் குடிக்குதுங்களா ஐயா?" என்று கேட்டார்.