கொத்துப் போடப் போறாக

சிவகாசியில் எங்கே சாப்பிடலாம் என்று யார் கேட்டாலும் வெம்பக்கோட்டை சாலையிலுள்ள ஒரு புரோட்டாக் கடையைச் சொல்வேன். எண்ணெய்ப் புரோட்டாவையும் சால்னாவையும் புகழ்வேன். பரிமாறுகிறவரைப் பற்றி மட்டும் சொன்னதில்லை.

ஒல்லியான ஆள். இடது புருவம் கிடையாது. அந்த இடத்தில் தோல் வழுவழுவென்று மினுங்கும். மாஸ்டர் கொத்துப் புரோட்டா போடும் முன்னால் மேசை மேசையாகப் போய், “கொத்துப் போடப் போறாக, சத்தம் கேக்கும்” என்பார்.

காலண்டர் ஆர்டர் கொடுக்கப் போன அன்று மதியம் முதல்முறை அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன்.

“வெளியூர்க்காரவுகளுக்குச் சிரிப்புத்தான் வரும். இங்கன சாப்பிடுறது அம்புட்டும் பட்டாசுக் கம்பெனி ஆளுக. சொல்லாமத் தட்டுனா இலையை விட்டு எந்திச்சிருவாக” என்றார்.

அவர் சால்னா ஊற்றும்போதே தூரத்தில் டம்மென்று ஒரு சத்தம். மேசையில் டம்ளர் அதிர்ந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகளெல்லாம் அப்படியே நின்றன.

“அண்ணாச்சி, நம்ம கொத்துதானே?” என்றாள் பக்கத்து மேசைப் பெண்.

அவர் அடுப்பைத் திரும்பிப் பார்த்தார். மாஸ்டர் வெறுங்கையோடு நின்றிருந்தார்.

“கொத்துதான் தாயி, சாப்பிடு.”

அவளும் மாஸ்டரைப் பார்த்துவிட்டாள். ஆனாலும் குனிந்து ஒரு வாய் எடுத்து வைத்தாள்.

இப்போதெல்லாம் எந்த ஊரில் கொத்துச் சத்தம் கேட்டாலும், நான் முதலில் மாஸ்டரின் கையைத்தான் பார்க்கிறேன்.