வலது கால் முன்னால்

மாமல்லபுரம் கடற்கரையில் பாக்ஸிங் பழகப் போகிறேன் என்றதும் சிரித்தவர்கள் அனைவரும் இதைப் படிக்கவும்.

செல்போனில் வீடியோ பார்த்து நானே அடிப்படையைக் கற்றுக்கொண்டுதான் வகுப்பில் சேர்ந்தேன். வீடியோவில் இருந்தவர் என்னைப் பார்த்து நின்றார். கண்ணாடியில் பார்ப்பதுபோல நானும் நின்று பழகிவிட்டேன். அதனால் எல்லாருக்கும் இடது கால் முன்னால், எனக்கு வலது.

"நைனா, காலை மாத்து. இல்லாங்காட்டி கிளவுஸ் கிடையாது" என்றார் மாஸ்டர்.

மாற்றவில்லை. மற்றவர்கள் குத்துவிட, நான் வெறுங்கையோடு மணலில் காலடி வைத்துப் பழகினேன். இந்த அநியாயத்தை இந்த ஃபேஸ்புக் பக்கத்திலேயே பலமுறை எழுதியிருக்கிறேன்.

இன்று மாஸ்டர் பொறுமை இழந்தார். "போட்டுக்கோ. அடி வாங்கினாத்தான் புரியும்" என்று கிளவுஸைக் கொடுத்து, வகுப்பிலேயே வேகமான செய்யூர் கௌசல்யாவை எதிரே நிறுத்தினார்.

அவள் குத்துகள் என் தோளோடு நழுவின. என் குத்து மெதுவாகப் போய் அவள் நெற்றியைத் தொட்டது.

"மாஸ்டர், இவரு கை எங்கேர்ந்து வருதுன்னே தெரியல!" என்று சிரித்தாள்.

மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "போட்டியில இப்படி ஒருத்தன் வந்தா இன்னா பண்ணுவீங்க? நாளையிலேர்ந்து எல்லாரும் இவராண்ட பழகுங்க. நைனா, நீ அப்படியே நில்லு."

வலது கால் முன்னால் வைப்பவர்கள் கையைத் தூக்குங்கள். ஒரு கை போதும். இன்னொன்று தாடையை விட்டு இறங்கக் கூடாது.